தராசை முன்னால் வையுங்கள்

இலவசம் என்று வாசலில் எழுதிவைத்துவிட்டு, உள்ளே பணம் கட்டியவருக்கு ஒரு நியாயம், கட்டாதவருக்கு வேறு நியாயம் என்று நடக்கும் இணைய எழுத்து விளையாட்டுகளைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு பொருமல் உண்டு. பணம் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி ரீலோடும், இணைய விளையாட்டுகளில் பணம் ஏற்றும் அட்டைகளும் விற்றுத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. விற்றுப் பிழைப்பவனுடைய கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை, புதிதாக வருபவர் தன் பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். விளையாடிப் பழகி, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மாதக்கணக்கில் உழைப்பைக் கொட்டிய பிறகு தெரியவந்து என்ன பயன்? படம் காட்டும் விளையாட்டுகளைவிட எழுத்து விளையாட்டுகளுக்கே இந்தக் கடமை அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வகை விளையாட்டைப் பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். திரையில் படம் எதுவும் இருக்காது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சில வரிகள் விவரிக்கும்: இடிந்த கோட்டை, வடக்கே ஒரு வாசல், தரையில் துருப்பிடித்த வாள். போக வேண்டிய திசையையோ எடுக்க வேண்டிய பொருளையோ தட்டச்சு செய்தால் அடுத்த வரிகள் வரும். அதே கோட்டைக்குள் அதே நேரத்தில் உலகின் வேறு மூலைகளிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். அவர்களோடு பேசலாம், கூட்டுச் சேரலாம், சண்டை போடலாம். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்ற விளையாட்டுதான் இந்தக் குடும்பத்துக்கு மூத்தது. அதன் பெயரே பிறகு இந்த வகை முழுவதற்கும் பெயராகிவிட்டது. ஃபேஸ்புக் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, முகம் தெரியாத மனிதர்கள் இந்த வரிகளுக்குள் கூடி வாழ்ந்தார்கள். இன்றும் வாழ்கிறார்கள்.

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். டவுனில் அலைவரிசைக்குக் குறையில்லை. தோட்டத்துப் பக்கம் உள்ளே போகப் போக, செம்பனை மரங்களுக்கு நடுவே கைப்பேசியின் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். படம் ஏறாது, காணொளி சுற்றிக்கொண்டே நிற்கும். எழுத்து மட்டும் எப்படியோ வந்து சேரும். ஓர் இடத்தின் வருணனை ஒன்றிரண்டு கிலோபைட்டைத் தாண்டாது. பழைய கணினி போதும், மலிவான டேட்டா போதும். கையில் அதிகம் இல்லாத பிள்ளைகள் உலகத்தோடு சரிசமமாக உட்கார்ந்து விளையாடக்கூடிய இடம் இது. அந்தச் சரிசமம்தான் இங்கே பேச்சு.

என் அக்காள் மகன் இந்த விளையாட்டுக்குப் போனதற்கு இன்னும் பெரிய காரணம் உண்டு. பள்ளியில் படிக்கும்போதே விழித்திரை நோயால் அவனுக்குப் பார்வை போய்விட்டது. திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளைக் கொண்டுதான் கணினியைப் பயன்படுத்துகிறான். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஓர் இளைஞர், மைக்கேல் கர்ரன், 2006இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. பள்ளித் தோழர்கள் கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை விளையாடும்போது இவன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். எழுத்து விளையாட்டு கிடைத்த பிறகு அவனும் வீரன், அவனும் வணிகன், அவனும் ஒரு படைக்குத் தலைவன். அவனைப் போல உலகெங்கும் பார்வையற்றவர்கள் பலர் இந்த உலகங்களில் இருக்கிறார்கள். சில விளையாட்டுகள் அவர்களுக்கென்றே, கோடுகளாலும் குறிகளாலும் வரைந்த வரைபடத்தை நிறுத்திவிட்டுத் திசைகளை வார்த்தைகளில் சொல்லும் வசதியை வைத்திருக்கின்றன. அப்படிச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஒரு மழை நாளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தைக் கவனித்தேன். அவனுடைய திரைவாசிப்பி பேசும் வேகம் எனக்குப் பிடிபடாது. எனக்காகக் குறைத்து வைத்திருந்தான். எதிராளி அவனுக்குச் சமமான நிலையில் இருப்பவர், அவனுடைய கலையையே கற்றவர். சண்டை தொடங்கியது. இவன் ஒரு வெட்டு வெட்டினால் அங்கிருந்து இரண்டு வெட்டு வந்தது. மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. தோற்றான். தோற்றதில் அவனுக்கு வருத்தமில்லை. காரணம் புரியவில்லை என்பதுதான் அவனைத் துளைத்தது. சண்டையின் வரிகளையெல்லாம் சேமித்து வைத்திருந்தவன், ஒவ்வொரு வரியாக மறுபடி ஓடவிட்டுக் கேட்டான்.

“என் கையில் ஒரு நீண்ட வாள். அவர் கையிலும் ஒரு நீண்ட வாள். எங்கே மாமா வித்தியாசம்?” என்றான்.

ஆட்டத்துக்குள் இருக்கும் உதவிக் குறிப்புகளைத் தேடினான். ஆதரவு தருகிறவர்களுக்கு நன்றி என்ற ஒரு வரிக்கு மேல் அங்கே எதுவும் இல்லை. பிறகு விளையாட்டின் இணையப் பக்கத்துக்குப் போய் விசைப்பலகையால் ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டிக்கொண்டே போனான். ஓரிடத்தில் குரல், ‘இணைப்பு, படம்’ என்று சொல்லிவிட்டு நீளமாக ஓர் எண் வரிசையை ஒப்பித்தது. எட்டிப் பார்த்தேன். மூடி திறந்த தங்கப் பெட்டியின் படம். அழுத்தினால் கடை திறந்தது. நன்கொடையாக இத்தனை டாலர் தருகிறவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக ஒரு வெட்டு. இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தந்தால் காயம் இருமடங்கு வேகத்தில் ஆறும். படத்துக்கு விளக்கச் சொல் ஒன்று எழுதியிருந்தால் அவன் முதல் நாளே கண்டுபிடித்திருப்பான். அதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. பார்வையற்றவர்களே நம்பி வந்து சேரும் ஒரு விளையாட்டு, பணம் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு கதவை மட்டும் அவர்களுக்குத் தெரியாதபடி வைத்திருந்தது. வேண்டுமென்றே செய்தார்களா, கவனக்குறைவா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. விளையாடுகிறவனுக்கு விளைவு ஒன்றுதான்.

எழுத்து விளையாட்டுக்குக் கடமை அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான். படம் காட்டும் விளையாட்டில் காசு கொடுத்து வாங்கிய கவசம் பெரும்பாலும் பளபளக்கும். வாங்கியவர் அதைக் காட்டிக்கொள்ளவே வாங்குகிறார். பார்க்கிறவருக்கும் இது கடைச்சரக்கு என்று ஓரளவு புரிந்துவிடும். எழுத்தில் அப்படி எதுவும் பளபளக்காது. ‘ஒரு நீண்ட வாள்’ என்ற மூன்று சொற்களுக்குப் பின்னால் மூன்று மாத உழைப்பு இருக்கலாம், முப்பது டாலர் இருக்கலாம், இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். நடத்துகிறவர் சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது. வரிகள் மட்டுமே இருக்கும் உலகத்தில், எழுதப்படாதது இல்லாததாகிவிடுகிறது.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே போய் வெட்டி, வெயில் ஏறியதும் பாலை எடுத்து, தோளில் காவும் காண்டா வாளியில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வரவேண்டும். அங்கே தோட்டத்துக் கணக்கரான கிராணி நிறுப்பார். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்த்துப் புத்தகத்தில் குறிப்பார். எடையோடு அந்த அளவும் சேர்ந்துதான் கூலியில் போய் நிற்கும். தராசு எல்லாருக்கும் தெரியும்படி முற்றத்தில் இருந்தவரை, வரிசையில் நின்றவர்கள் ஒருவர் வாளியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்; குறைந்தால் மழையைத் திட்டினார்கள், மரத்தைத் திட்டினார்கள். ஒரு சமயம் தராசைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாற்றினார்களாம். எடையில் எந்த மாற்றமும் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து குறைந்தவர்கள் எல்லாரும் பக்கத்து நிரைக்காரரைத் திட்டத் தொடங்கினார்கள் என்று அம்மா சொல்வார். மறைத்து வைக்கப்பட்ட சலுகை ஒரு விளையாட்டுச் சமூகத்துக்குச் செய்வதும் இதேதான். பணம் கட்டாமல் உழைத்தே மேலே வந்தவரையும் மற்றவர்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குகிறார்கள். அதனால் இந்த அறிவிப்பு ஏமாந்தவர்களுக்கு எவ்வளவு தேவையோ, நேர்மையாக வென்றவர்களுக்கும் அவ்வளவு தேவை.

இந்த மறைப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மட் தொடக்கத்தில் பல்கலைக்கழகக் கணினியில் இரவு நேரத்துப் பொழுதுபோக்கு. பின்னாளில் அதே விளையாட்டு அமெரிக்காவின் கம்பியூசர்வ் சேவைக்குப் போனது. அங்கே இணைந்திருக்கும் நேரத்துக்குக் கட்டணம், மணிக்கணக்கில். செலவு கடுமைதான். ஆனாலும் எல்லாரும் கட்டியது நேரத்துக்குத்தான். காசு நேரத்தை வாங்கியது, வலிமையை வாங்கவில்லை. 1990ஐ ஒட்டி டென்மார்க்கில், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து டிக்குமட் என்ற மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் உலகத்தை அமைத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். பெரிய மனது. உலகெங்கும் அதிலிருந்து கிளைத்த விளையாட்டுகள் ஏராளம். ஆனால் அதன் உரிமத்தில் ஒரு கண்டிப்பான நிபந்தனை இருந்தது: இதைக் கொண்டு எந்த வகையிலும் லாபம் பார்க்கக் கூடாது.

இங்கேதான் சிக்கல். விளையாட்டு ஓடும் சர்வர் கணினிக்கு மாதாமாதம் வாடகை உண்டு. நடத்துகிறவர் பெரும்பாலும் வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் இதைக் கவனிக்கிறவர். விற்கிறேன் என்று சொன்னால் அந்த உரிமத்தை மீறியதாகிவிடும் என்ற நிலை அப்போது. நன்கொடை கேட்டால் தப்பில்லை என்று பலர் நினைத்தார்கள். நன்கொடை தந்தவருக்கு நன்றியாக, ஆட்டத்தில் வலிமை கூட்டும் ஒரு மோதிரம் தந்தால்? லாபம் எது, செலவுக்கு ஈடு எது என்று இவர்களுக்குள் பல ஆண்டுகளாக வாக்குவாதம் நடந்திருக்கிறது. அந்தக் குழப்பத்தில் பலர் மோதிரத்தைச் சத்தமில்லாமல் கொடுக்கப் பழகிவிட்டார்கள். அவர்களுடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் உரிமம் கொடுத்தவருக்கு அஞ்சி மறைத்தது, கடைசியில் விளையாட வந்தவரிடம் மறைத்ததாக முடிந்தது. மாணவர்கள் போட்ட நிபந்தனையின் நோக்கத்துக்கே அது நேர்மாறு.

வெளிப்படையாக விற்றால் கூட்டம் ஓடிவிடும் என்ற பயத்தை நான் ஏற்கவில்லை. 1997இல் தொடங்கிய அக்கேயா என்ற எழுத்து விளையாட்டு கட்டாயச் சந்தா வாங்காமல், கிரெடிட் என்ற ஆட்ட நாணயத்தை விற்றே வளர்ந்தது. பணம் கொடுத்தால் வலிமை கிடைக்கும் என்பது அங்கே ஊரறிந்த சங்கதி. ஆட்டத்துக்குள் சம்பாதித்த தங்கத்தைக் கொடுத்து, வேறு வீரரிடமிருந்து கிரெடிட்டை வாங்கிக்கொள்ளவும் அங்கே வழி உண்டு. எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை. பணக்காரருக்குச் சாய்ந்த களம் அது என்றே நினைக்கிறேன். ஆனாலும் உள்ளே போகிறவர் தெரிந்தே போகிறார். பிடித்தவர்கள் போனார்கள், ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள், விளையாட்டும் நிலைத்து நின்றது. சொல்லி விற்றுப் பிழைக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெரிய விளையாட்டுகளின் உலகத்தில் இந்த வாதம் பெருமளவு தீர்ந்துவிட்டது. காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டியிலிருந்து எது விழ வாய்ப்பு எவ்வளவு என்று வெளியிட வேண்டும் எனச் சீனா 2017 மே மாதம் முதல் விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் கடையில் உள்ள செயலிகளுக்கு அதே விதியைக் கொண்டுவந்தது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அமெரிக்காவில் விளையாட்டுகளைத் தரம் பிரிக்கும் அமைப்பு, உள்ளே பணம் செலவழிக்க இடமுண்டு என்ற முத்திரையை அந்த ஆண்டு முதல் ஒட்டுகிறது. தென்கொரியாவில் 2024 மார்ச் முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது சட்டக் கட்டாயம். இவை பெரும்பாலும் செயலிக் கடைகளையும் பெரிய நிறுவனங்களையும் மனத்தில் வைத்து வந்த விதிகள். வீட்டு அறையில் ஒருவர் வாடகை சர்வரில் நடத்தும் எழுத்து விளையாட்டு எந்தக் கடையின் வழியாகவும் வருவதில்லை. முத்திரை ஒட்ட அங்கே யாரும் இல்லை.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இணையத்தில் விற்பவர் பொருளின் முக்கியத் தன்மைகளையும் முழு விலையையும் காட்ட வேண்டும் என்ற விதியும் 2012இலேயே அதன்கீழ் இயற்றப்பட்டது. வெளிநாட்டில் உட்கார்ந்து பொழுதுபோக்காக நடத்துகிறவரை அது எட்டிப் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சட்டம் எட்டாத இடத்தில் நடத்துகிறவருடைய நாணயம்தான் வேலை செய்ய வேண்டும். என் கடைக்கு ஓர் அம்மா வருவார், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். மகன் கேட்ட விளையாட்டு அட்டைக்குப் பத்து வெள்ளியை நீட்டும் முன், “இதில் என்ன தம்பி வரும்?” என்று கேட்பார். எனக்குத் தெரிந்த விளையாட்டென்றால் விளக்கிச் சொல்வேன். தெரியாததென்றால், மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று பணத்தை வாங்காமல் அனுப்பிவிடுவேன். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத எந்த விற்பனையும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சரி, எதைச் சொல்ல வேண்டும்? பணம் கொடுத்தால் சண்டையிலோ சம்பாத்தியத்திலோ முன்னேற்றத்திலோ என்ன மாறும் என்பது முதலில் வரவேண்டும். அதே பொருள் உழைத்தும் கிடைக்குமா, கிடைக்குமென்றால் ஏறத்தாழ எவ்வளவு காலம் ஆகும் என்பதும் வேண்டும்; உழைத்தாலும் கிடைக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு மூன்று வருட உழைப்பைக் கேட்கும் இடங்கள் உண்டு. விலையை மரகதம், மாணிக்கம் என்ற ஆட்ட நாணயத்தில் மட்டும் சொல்லாமல் உண்மையான பணத்தில் சொல்ல வேண்டும். பணம் கட்டியவரும் கட்டாதவரும் ஒரே தரவரிசைப் பட்டியலில் நிற்கிறார்களா என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். இவையெல்லாம் ஆட்டத்துக்குள் வரும் முதல் திரையிலேயே, வெறும் எழுத்தில், எந்தத் திரைவாசிப்பியும் படிக்கும்படி இருக்க வேண்டும். பெயருக்கு நிறம் கேட்பவர், வாளின் வருணனையைத் தன் விருப்பப்படி மாற்றி எழுதிக்கொள்பவர், இவர்களால் யாருக்கும் நட்டமில்லை. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம்.

யார் யார் பணம் கட்டினார்கள் என்ற பெயர்ப் பட்டியலையும் போடவேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. ஒருவர் தன் சம்பளத்தில் எதை வாங்கினார் என்பது அவருடைய சொந்த விஷயம். அவரைச் சந்தையில் நிறுத்தி வேடிக்கை பார்ப்பது அறமாகாது. விற்பனைக்கு இருப்பது எது என்று தெரிந்தால் போதும். எதிராளிக்கு இரண்டாவது வெட்டு எங்கிருந்து வந்தது என்பதை என் அக்காள் மகன் அப்போதே புரிந்துகொண்டிருப்பான். அதற்கு எதிராளியின் வங்கிக் கணக்கு அவனுக்குத் தேவைப்பட்டிருக்காது.

யாரும் படிக்கமாட்டார்கள் என்று நடத்துகிறவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். எழுத்து விளையாட்டுக்கு வருகிறவர்களைப் பற்றியா இப்படிச் சொல்வது? மணிக்கணக்காக வரி வரியாகப் படிப்பதையே இன்பமாகக் கொண்டவர்கள் அவர்கள். பத்து வரி அறிவிப்பு அவர்களுக்குப் பாரமே இல்லை.

அந்த விளையாட்டிலிருந்து என் அக்காள் மகன் விலகிவிட்டான். கோபத்தோடு போகவில்லை, தன் படையில் இருந்தவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு, அவர்களுக்காகச் சேர்த்துவைத்த பொருள்களையும் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். இப்போது கோலாலம்பூரில் இருக்கும் ஒரு தோழியோடு சேர்ந்து தமிழிலேயே ஓர் எழுத்து விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறான். தொழிலாளர்களின் லயத்து வீடுகளும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் ஆற்றங்கரைக் கோயிலும் உள்ள ஒரு தோட்டம்தான் அதன் முதல் வட்டாரம். சர்வர் வாடகைக்குப் பணம் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் தோட்டத்தின் முதல் வீட்டை எழுதும் முன்பே, எதற்குப் பணம் வாங்குவோம் என்ற பக்கத்தை எழுதி முடித்துவிட்டார்கள். ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பணம் தருகிறவருக்குக் கொஞ்சம் பெரிய பை கொடுக்கலாம், அது வெறும் வசதிதானே, அந்தப் பட்டியலில் எதற்கு என்கிறான் இவன். பெரிய பைக்குள் கூடுதலாக நான்கு மருந்துக் குப்பி போகும், நான்கு குப்பி இருந்தால் சண்டை நீளும், ஆகவே அதுவும் வலிமைதான் என்கிறாள் அவள். என்னைக் கேட்டார்கள். அவள் பக்கம்தான் நியாயம் என்றேன். பையும் பட்டியலில் ஏறியிருக்கிறது.